எடை குறைந்த உறை

ஜெலுத்தோங், பினாங்கு
9 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் காமினிக்கும்,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். அப்பாவின் வலது கால் வீக்கம் வடிந்ததா, கஞ்சி ஒழுங்காக இறங்குகிறதா என்று எழுது.

அப்பா, ஒரு நல்ல சேதி. எங்கள் பல்கலைக்கழகத்தின் குளுவாங் கிளை நூலகத்தில் ஓர் இடம் காலியாகிறது. மாற்றல் கேட்டு வெள்ளிக்கிழமை மனு கொடுத்துவிட்டேன். பதினேழு வருடமாகப் புதுப் புத்தகங்களுக்கு எண் கொடுத்து ஒட்டி அலமாரிக்கு அனுப்புகிறவள் நான். அதே வேலையைக் குளுவாங்கில் செய்யப் போகிறேன், அவ்வளவுதான். நம் வீட்டிலிருந்து பத்து நிமிடம். மதியம் வந்து உங்களுக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்பலாம். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் காமினி உங்களோடு இருக்கிறாள், தனேஷ் ஜொகூர் பாருவில் தனியாக இருக்கிறார். இனி அவர்கள் ஒரே வீட்டில் இருக்கட்டும்.

தலைமை நூலகர் புவான் இஸ்ஸதி மனுவை வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷி. இந்த வருடம் அவர் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார். நூலக வேலைக்கு எல்லா இனத்தவரும், உடற்பேறு குறைந்தவர்களும் வர வேண்டும், வந்தவர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது என்பது நோக்கம். என்னையும் அதில் சேர்த்திருக்கிறார். முதல் வேலையாகப் பின்வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

உங்கள் மகள்
ரமணி

(உள்ளே வைத்த அட்டையில்)

காமினி, போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் வழக்கம்போல் வெள்ளைத் தாள் அவருக்கு வாசிக்க, இந்த அட்டை உனக்கு. கணினி வந்தபின் கழித்துப்போட்ட பழைய அட்டவணை அட்டைகள் இன்னும் இரண்டு பெட்டி என்னிடம் இருக்கின்றன. மனுவைப் பார்த்ததும் புவான் இஸ்ஸதியின் முகம் கொஞ்சம் மாறியது. என்ன காரணம் என்று தெரியவில்லை.

*

குளுவாங், ஜொகூர்
24 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

கடிதம் சனிக்கிழமை வந்தது. அப்பா உறையை இடது கையில் வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்த கை. வாட்ஸ்அப்பில் உன் குரலைப் போட்டுக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், உறை வந்தால் நிமிர்ந்து உட்காருகிறார். நாலு மணிக்குக் கஞ்சி முடிந்து வாசித்தேன். மாற்றல் என்றதும் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். பக்கவாதத்தில் பேச்சு போன நாளிலிருந்து ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். மறுபடியும் ஒரு தட்டு.

உன் பதிலுக்காக இருவரும் இருக்கிறோம்.

தங்கை
காமினி

(நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்)

அக்கா, தனேஷ் விடியற்காலை நாலரைக்குப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார், இரவு ஏழு மணிக்கு அறைக்குத் திரும்புகிறார். சனிக்கிழமை இங்கே வந்தால் பாதி நேரம் தூங்குகிறார். போன வாரம், “உங்க அக்கா வருவாங்களா, மாட்டாங்களா? ஒரு தேதி சொல்லு காமினி”ன்னு கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயம். ஜனவரி என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவை உன் ஃபிளாட்டுக்குக் கொண்டுவரலாமா என்று மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு தட்டு. அந்த நாலாவது மாடியும் நிற்காத லிஃப்டும் அவருக்கு மறக்கவில்லை. “மேல கொண்டு போனா எறக்க மாட்டாங்க”ன்னு வாய் இருந்தபோதே சொன்னவர். இங்கே ஜன்னலைத் திறந்தால் அவர் சைக்கிளில் போன தெரு தெரிகிறது.

*

ஜெலுத்தோங்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் காமினிக்கும்,

சுகமாக இருக்கிறேன். அங்கே வெயில் எப்படி? அப்பாவுக்கு மதியத்தில் முதுகைத் துடைத்துவிடு.

மாற்றல் கொஞ்சம் தாமதமாகும் என்கிறார்கள். கவலைப்பட வேண்டாம்.

அப்பா, நூலக வாசலில் இப்போது உங்கள் மகள் ஆளுயரத்துக்கு நிற்கிறாள். குழுவின் பதாகைக்குக் கூட வேலை செய்கிற ஷாஹிராவையும் லிம்மையும் என்னையும் படம் எடுத்தார்கள். வேலைக்கு நான் புடவை கட்டுவதில்லை. படம் எடுத்தவர் பட்டுப் புடவை இருந்தால் நல்லது என்றார். சரியென்று கல்யாணத்துக்குக் கட்டுகிறதைக் கட்டிக்கொண்டு, பூவும் வைத்துக்கொண்டு, கையில் ஒரு புத்தகத்தோடு நின்றேன். கீழே, எல்லோருக்கும் இங்கே இடமுண்டு என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறது. மறுநாள் ஒரு மாணவி என்னையும் பதாகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கக், இது உங்க அக்காவா?” என்று மலாயில் கேட்டாள். ஷாஹிரா இரண்டு நாள் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

படத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள்
ரமணி

(அட்டையில்)

மனுவைத் திருப்பிவிட்டார்கள். புவான் இஸ்ஸதி என்னை உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ரமணி, இந்த நூலகத்துல ஐம்பத்திரண்டு பேர். இந்தியர் நீங்க ஒருத்தர்தான். நீங்க போயிட்டா வருஷ அறிக்கையில அந்தக் கட்டத்துல சுழியம் வரும். குழு ஆரம்பிச்ச வருஷமே சுழியமா? கொஞ்சம் பொறுங்க லா. இன்னொருத்தர் வரட்டும், மறுநாளே நான் கையெழுத்துப் போடுறேன்.”

எழுத்தில் தரச் சொன்னேன். மின்னஞ்சலில் தந்துவிட்டார். குளுவாங் இடத்தையும் டிசம்பர் வரை நிரப்பாமல் வைக்கச் சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். நான் ஒருத்தி என்பதால்தான் குழுவில் சேர்த்தார்கள், நான் ஒருத்தி என்பதால்தான் இப்போது விட மறுக்கிறார்கள்.

*

குளுவாங்
20 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கையெழுத்து சாய்ந்திருக்கிறது, தூங்குகிறாயா?

படத்தைச் சுவரில் ஒட்டட்டுமா என்றதும் அப்பா ஒரு தட்டு தட்டினார். எங்கே ஒட்ட என்று நான் ஒவ்வோர் இடமாகக் கையை வைத்துக் கேட்க, பத்துப் பன்னிரண்டு தடவை இரண்டிரண்டாகத் தட்டி, கடைசியில் ஜன்னல் பக்கத்துக்கு ஒரு தட்டு கிடைத்தது. பார்த்துவிட்டுச் சிரித்தார். வாயின் இடது ஓரம் மட்டும் சிரித்தது.

தங்கை
காமினி

(நாட்காட்டித் தாளில்)

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதி அடித்துவிட்டேன். அப்பாவின் மருந்தும் டயப்பரும் உன் சம்பளத்தில் வருகின்றன. நாற்பத்துமூன்று வயதில் உனக்கு இங்கே வேறு வேலை யார் தருவார்கள்?

தனேஷ் இந்த மாதம் ஒரு தடவைதான் வந்தார். ஓவர்டைம் என்றார். ஓவர்டைமாகத்தான் இருக்கும்.

*

ஜெலுத்தோங்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் காமினிக்கும்,

நலமாக இருக்கிறேன். மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் வேண்டாம். எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

இங்கே கவுண்டர் வேலைக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. முப்பத்தொரு விண்ணப்பங்கள். நாலு பேரை நேர்காணலுக்கு எடுத்திருக்கிறார்கள். தேர்வு செய்யும் மூவரில் நானும் ஒருத்தி. குழுவிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று புவான் இஸ்ஸதி புது விதி கொண்டுவந்திருக்கிறார். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறேன்.

அன்புடன்
ரமணி

(அட்டையில்)

நாலு பேரில் ஒருத்தி நம் பிள்ளை. பெயர் கௌரி, இருபத்தாறு வயது, பாலிக் புலாவ். தகப்பனுக்கு அங்கே ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை. நூலகத் துறையில் டிப்ளோமா, ஒரு பள்ளியில் மூன்று வருடம் நூலகத்தைத் தனியாக நடத்தியிருக்கிறாள். நான் அவளைப் பார்த்ததில்லை, யாரிடமும் சிபாரிசு பேசவும் இல்லை. விண்ணப்பங்களைப் பெயரை மறைத்து வைத்துத்தான் பிரித்தோம். மூன்று பேருமே அவளுடையதை மேலே வைத்தோம். பெயரைத் திறந்ததும் இரண்டு தடவை வாசித்தேன். அவள் வந்துவிட்டால் நான் போகலாம் காமினி. ஜனவரி என்று நீ சொன்னது நடக்கும்.

*

குளுவாங்
1 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பா கடிதத்தை இரண்டு நாள் கேட்டார்.

நீ வருமுன் தெரிந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன். கஞ்சி கெட்டியாக இருந்தால் புரையேறும், ஓட்டமாக இருந்தாலும் புரையேறும். கரண்டியைக் கவிழ்த்தால் மெதுவாக விழ வேண்டும். வலது பக்கம் படுக்கவைத்தால் அரை மணிக்கு மேல் தாங்க மாட்டார். தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றால் தபால் என்று நினைத்துக் கையை நீட்டுவார். மீ கோரெங் விற்கிறவன் வண்டி அது. ஒவ்வொரு தடவையும் இல்லையென்று சொல்ல வேண்டும்.

தங்கை
காமினி

(நாட்காட்டித் தாளில்)

தனேஷிடம் சொன்னேன். இரண்டு வாரமும் வந்தார். ஜொகூர் பாரு பக்கம் ஸ்கூடாயில் ஒரு வீடு பார்த்திருக்கிறார், இரண்டு அறை, கீழ்த்தளம். நான் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். சமையலறை ஜன்னலில் யாரோ விட்டுப்போன துளசித் தொட்டி இருந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

*

ஜெலுத்தோங்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் காமினிக்கும்,

சுகம். இங்கே தினமும் மாலையில் மழை. சந்தைப் பக்கம் வடிகால் நிரம்பி நடக்க முடியவில்லை. எங்கள் லிஃப்டைப் பழுது பார்த்தார்கள். இரண்டு நாள் ஓடியது. இப்போது மூன்றாவது மாடி வரை வந்து கதவைத் திறக்கிறது, மீதிப் படியை ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

நேர்காணல் செவ்வாய்க்கிழமை முடிந்தது. நாலு பேரும் வந்தார்கள். முடிவு பிறகு தெரியும்.

அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ரமணி

*

குளுவாங்
7 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இந்தத் தடவை அப்பா உறையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார். எடை குறைவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இன்னொன்று வருவது அவருக்கு முதலிலிருந்தே தெரியும் போலிருக்கிறது அக்கா. இத்தனை நாள் நம் இருவரையும் சும்மா விட்டுவைத்திருக்கிறார்.

தீபாவளிக்கு எந்தப் பேருந்தில் வருகிறாய்? ஞாயிறு காலை வருவாயென்று தனேஷிடம் சொல்லியிருக்கிறேன். முறுக்குக்கு மாவு அரைத்துவிட்டேன்.

தங்கை
காமினி

*

ஜெலுத்தோங்
14 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் காமினிக்கும்,

நலம். தீபாவளிக்கு வர முடியவில்லை. நூலகத்தில் மறுநாள் காலையே குழுவின் சார்பில் விருந்து வைக்கிறார்கள். கோலம் போட, குத்துவிளக்கு ஏற்ற, தீபாவளியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச என்னை விட்டால் ஆளில்லை. போனை எடுக்காததற்கும் கோபித்துக்கொள்ளாதே.

முடிவு வந்துவிட்டது. கௌரி என்ற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. சாஹித் என்பவர் வந்திருக்கிறார். நல்லவர்.

இன்னொரு இடம் எப்போது வருமென்று தெரியாது. அப்பாவுக்குப் புது வேட்டி தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

ரமணி

*

குளுவாங்
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு நாலு நாள் சளி. இப்போது பரவாயில்லை. வேட்டி கட்டிவிட்டேன்.

முறுக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

தங்கை
காமினி

(நாட்காட்டித் தாளில்)

உறையில் அட்டை இருந்தது. எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பக்கம் ஏதோ மண்ணியல் புத்தகத்தின் பெயர், மறுபக்கம் ஒன்றுமில்லை. அப்பாவின் கையை ஏமாற்ற எடைக்கு வைத்திருக்கிறாய். அவர் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகக் கொடுத்தார். நான் வாசிக்கிற மாதிரி நின்றேன். எனக்கு இதைச் செய்யாதே அக்கா.

ஸ்கூடாய் வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். தனேஷ் நாலு வாரமாக வரவில்லை. போனில், “நான் என்ன செய்யட்டும், சொல்லு”ன்னு கேட்கிறார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெயரை மறைத்து மூன்று பேரும் மேலே வைத்த பெண் அவள். மதிப்பெண் போட்டதும் அதே மூன்று பேர். யார் குறைத்தது?

*

ஜெலுத்தோங்
30 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் காமினிக்கும்,

இருவரும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவின் நெஞ்சில் சளி முழுதும் இறங்கியதா என்று எழுது.

இந்தத் தடவை அட்டை இல்லை, காமினி. எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் எழுதுகிறேன். நாலு மணிக்குக் கஞ்சி முடிந்ததும் முழுதும் வாசி. நடுவில் நிறுத்தாதே.

நேர்காணல் மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் நடந்தது. புவான் இஸ்ஸதி நடுவில், நிர்வாகப் பிரிவு ஃபிக்ரி வலப்பக்கம், நான் இடப்பக்கம். உள்ளே போகுமுன் ஃபிக்ரி தாள்களை அடுக்கிக்கொண்டே சிரித்தபடி சொன்னார்: “கக் ரமணி, இன்னைக்கு உங்க பாடு கஷ்டம்தான் லா. நல்ல மார்க் போட்டா சொந்தம்னு சொல்லுவாங்க.” வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

கௌரி மூன்றாவதாக வந்தாள். பாலிக் புலாவிலிருந்து மலைப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறாள், வழியில் மழை. மழைச்சட்டையை வெளியே கழற்றி வைத்துவிட்டு, நனைந்த செருப்பின் தடம் கம்பளத்தில் விழுமே என்று பார்த்துப் பார்த்து நடந்து வந்து உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பார்வை இல்லாத ஒருவர் வந்து ஒரு புத்தகம் கேட்டால் என்ன செய்வாய் என்று புவான் கேட்டார். மற்றவர்கள் எடுத்துக் கொடுப்போம் என்றார்கள். இவள், முதலில் அவர் அதை எப்படி வாசிப்பார் என்று கேட்பேன் என்றாள். புவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

கடைசியில் ஃபிக்ரி, ஏன் இந்த நூலகத்துக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டார். அதுவரை ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசிக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: “வாசல்ல உங்க படத்தைப் பாத்துட்டுத்தான் அக்கா போட்டேன். இல்லன்னா போட்டிருக்கவே மாட்டேன்.”

ஃபிக்ரி என்னைப் பார்த்து, “என்ன சொல்றாங்க?” என்றார். நான், நன்றி சொல்கிறாள் என்றேன்.

அந்தப் பதாகை வைத்ததே அப்படி ஒருத்தி வர வேண்டும் என்றுதான். வந்தாள். அதை நான் மொழிபெயர்த்திருந்தால் புவான் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்குக் கேட்டது அக்கா என்ற ஒரு சொல்தான். பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அதோடு, இவள் வந்தால் நான் போகலாம் என்ற ஆசை. அந்த ஆசை என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்பது இன்னொரு பயம். பதினேழு வருடம் யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை அப்பா. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள உட்கார்ந்தேன்.

ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஐந்துக்கும் ஆறு ஆறாகப் போட்டேன். நடுவில் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மற்ற இருவரும் எப்படியும் குறைத்துத்தான் போடுவார்கள், நான் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான் என்றும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தாள்களைத் திறந்தார்கள். புவான் இஸ்ஸதி போட்டது நாற்பத்துமூன்று. ஃபிக்ரி நாற்பத்தொன்று. நான் முப்பது. சாஹித் அவளைவிட இரண்டு மதிப்பெண் கூட. ஆறுக்குப் பதில் நான் ஏழு போட்டிருந்தால் போதும்.

அவர்கள் இருவரும் என் தாளைப் பார்த்தார்கள். எனக்கு அவளைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். வெளியே வந்ததும் புவான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மத்தவங்கன்னா தன் ஆளுக்கு அள்ளிப் போட்டிருப்பாங்க. உங்களைக் குழுவில வச்சது எனக்குப் பெருமையா இருக்கு” என்றார். இந்த மாதம் என்னைக் குழுவின் செயலாளராக ஆக்கிவிட்டார். இரண்டு வருடம். குளுவாங் இடத்துக்கு டிசம்பர் வரை காத்திராமல் வேறு ஒருவரை அனுப்பியாகிவிட்டது. அறிக்கையில் என் கட்டத்தில் ஒன்று என்று அச்சாகி வந்திருக்கிறது.

இது இன்னும் முடியவில்லை. முடிவு வந்த மறுநாள் கௌரி நூலகத்துக்கு வந்து என்னைத் தேடினாள். கோபப்படவில்லை. “அடுத்த தடவைக்கு எதுல தயார் பண்ணணும்க்கா?” என்று கேட்டாள். பதாகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான், ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன். அவள் ஆங்கிலம் என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம். தலையாட்டிவிட்டுப் போனாள். மாலையில் ஒரு வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் சேதி அனுப்பியிருந்தாள், நன்றி அக்கா என்று.

புவானிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் கதவு வரை போனேன். சொன்னால் தேர்வே ரத்தாகும். வேறொரு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் சாஹித் என்ன ஆவார்? அவர் என் எதிர் மேசையில் இருக்கிறார், தினமும் எனக்குக் காப்பி வாங்கி வருகிறார். சொல்லாவிட்டால் அந்தப் பெண் இல்லாத குறையைத் திருத்திக்கொண்டே இருப்பாள்.

காமினி, உன்னை அங்கே கட்டிப்போட்டது நான்தான். வேறு யாருமில்லை. காலையில் உள்ளே போகும்போது அந்தப் பதாகையின் கண்ணைப் பார்க்காமல் போக வேறு வாசல் இருக்கிறதா என்று பார்த்தேன். நாங்கள் போட்ட சரிவுப் பாதை இருக்கிறது. அதில்தான் போகிறேன்.

இருவரும் என்ன நினைத்தாலும் எழுது.

ரமணி

*

குளுவாங்
14 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்குச் சளி போய்விட்டது. நீ சாப்பிடுகிறாயா?

கடிதத்தை அப்பா தூக்கிப் பார்த்தார். இரண்டு தாள், கனம். நீ சொன்னபடி நிறுத்தாமல் வாசித்தேன். ஓர் இடத்தில் என்னால் முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாசித்தேன். முடிந்தபின் அக்கா மேல் கோபமா என்று கேட்டேன். தட்டவில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. அதை மறைத்து எழுத எனக்கு இன்றைக்குத் தனித் தாள் இல்லை. நாட்காட்டியில் இன்னும் பதினேழு தாள்தான் மீதி.

கௌரியிடம் அக்கா நிஜத்தைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கேள்வி முடியுமுன்னே ஒரு தட்டு. சாஹித் வேலையோ உன் பெயரோ என்ன ஆனாலும் அவளிடம் அது ஆங்கிலம் இல்லை என்று முதலில் சொல்லிவிடு. அப்பா சொல்கிறார் என்றே வைத்துக்கொள்.

பிறகு தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. அவர் கையை நீட்டவில்லை. ஜன்னல் பக்கம் ஒட்டியிருந்த உன் படத்தை நோக்கிக் கையைத் தூக்கினார். படத்தை எடுத்துவிடவா என்றேன். இரண்டு தட்டு. அக்கா இங்கே வர வேண்டுமா? இரண்டு தட்டு. நான் தனேஷிடம் போக வேண்டுமா? ஒரு தட்டு. நான் போய்விட்டால் உங்களை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அதற்குத் தட்ட முடியாதே. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“பினாங்குக்குப் போறீங்களாப்பா?”

கை கம்பியிலேயே இருந்தது. மீ கோரெங் வண்டி மணியடித்துத் தெருக்கோடி வரை போயிற்று. அதன்பின் ஒரு தட்டு.

“நாலாவது மாடி. எறக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க.”

இன்னும் ஒரு தட்டு. அதன்பின் கையைக் காட்டி ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

தனேஷிடம் சொன்னேன். வேன் எடுத்து வருகிறேன் என்றார். குரலில் சந்தோஷம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் தேதி கேட்டார். பகலில் நீ வேலைக்குப் போகும் நேரத்துக்கு அங்கே ஓர் ஆள் பார். கஞ்சியின் பதத்தை நான் எழுதிய கடிதத்திலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டு.

லிஃப்ட் நாலாவது மாடியில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

தங்கை
காமினி